கறுப்புத் திரையில் கடிதங்கள்

டெர்மினலில் 'மட்' என்ற மின்னஞ்சல் நிரலின் பெயரைத் தட்டி என்டரை அழுத்தினால், வந்திருக்கும் கடிதங்கள் வரிசையாகத் திரையில் நிற்கும். ஒரு கடிதத்துக்கு ஒரு வரி. வரிசை எண், நிலையைச் சொல்லும் ஓரெழுத்துக் குறி, தேதி, அனுப்பியவர் பெயர், அளவு, பொருள். புதிய கடிதம் என்றால் 'என்', பதில் போட்டாகிவிட்டது என்றால் சின்ன 'ஆர்'. என் பெயருக்கு மட்டும் வந்ததா, பலரோடு சேர்த்து வந்ததா, வெறும் நகல்தானா என்பதற்கும் ஒரு குறி உண்டு. எனக்கென்று மட்டும் எழுதியது என்றால் அந்த இடத்தில் கூட்டல் குறி இருக்கும். சுற்றறிக்கைகள் குவிந்து கிடக்கும் காலை வேளையில் என் கண் முதலில் தேடுவது அதைத்தான்.

ஒரு கடிதத்துக்கு ஒரே வரி என்ற இந்தக் கணக்குதான் என்னை இதில் பிடித்துவைத்திருக்கிறது. பெரிய நிறுவனத்தின் விழாக்கால அறிவிப்புக்கும், நண்பர் எழுதிய இரண்டு வாக்கியத்துக்கும் பட்டியலில் ஒரே இடம், ஒரே எழுத்து அளவு. கொட்டை எழுத்தும் வண்ணப் பொத்தானும் அங்கே எடுபடாது. எதை முதலில் படிப்பது, எதைத் திறக்காமலே விடுவது என்று நான் தீர்மானிக்கிறேன். 'இது முக்கியம், இது விளம்பரம்' என்று இயந்திரம் எனக்காகப் பிரித்துவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. எனக்கு யார் முக்கியம் என்று எனக்குத் தெரியும்.

மின்னஞ்சல் பிறந்ததே எழுத்தாகத்தான். 1971-ல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில், பிபிஎன் நிறுவனத்தில் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து பக்கத்திலிருந்த இன்னொன்றுக்கு வலைப்பின்னல் வழியே செய்தி அனுப்பி, ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிக்க 'அட்' குறியைப் போட்டார். யூனிக்ஸின் முதல் பதிப்புக் கையேடும் அதே ஆண்டு வந்தது. 'மெயில்' என்ற கட்டளை அதிலேயே இருக்கிறது. 1986-ல் டேவ் டெய்லரின் 'எல்ம்' என்ற அஞ்சல் நிரல் வந்தது. 1989-ல் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகம் தன் அலுவலக ஊழியர்களை மனத்தில் வைத்து 'பைன்' நிரலை எழுதத் தொடங்கியது. எந்த விசை என்ன செய்யும் என்பதைத் திரையின் கடைசி இரண்டு வரிகளில் எப்போதும் காட்டிக்கொண்டே இருந்தது பைனின் நல்ல குணம். அதன் வாரிசான ஆல்பைன் 2007-ல் வெளிவந்தது, இன்றும் கிடைக்கிறது. மைக்கேல் எல்கின்ஸ் 'மட்' நிரலை எழுதியது 1995-ல்.

அதே 1995-ல், ஆகஸ்ட் 15 அன்று, விஎஸ்என்எல் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. முதலில் இணைப்பு கிடைத்த நகரங்களில் சென்னையும் ஒன்று. மாணவர்களுக்குக் கட்டணம் குறைந்த ஷெல் கணக்கு கொடுத்தார்கள். மோடம் கூவி முடித்ததும் எதிரே வருவது படமில்லாத திரை. தளம் பார்க்க லின்க்ஸ், கடிதம் பார்க்கப் பைன். என் தலைமுறையில் கணினிப் பக்கம் போன பலருக்கும் மின்னஞ்சல் என்பது முதலில் அப்படித்தான் அறிமுகமானது. தொலைபேசிக் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால், சொல்ல வேண்டியதை முன்கூட்டியே யோசித்து, சில சமயம் தாளில் எழுதிக்கொண்டு போய், உட்கார்ந்ததும் தட்டுவோம். தமிழை ரோமன் எழுத்தில்தான் எழுத முடிந்தது. கடிதத்தில் தமிழ் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இன்று வரும் கடிதங்களில் பெரும்பங்கு வலைப்பக்கத்தின் குறியீட்டு மொழியில் வருகிறது. மட் அவற்றைத் தானாக வரையாது. லின்க்ஸையோ, டபிள்யூ3எம் என்ற இன்னொரு எழுத்து உலாவியையோ கூப்பிட்டு, எழுத்தை மட்டும் பிழிந்து தரும்படி நாம் அமைத்துக்கொள்ள வேண்டும். இதில் எனக்குக் கிடைக்கும் லாபம் பெரிது. வணிகக் கடிதங்கள் பலவற்றில், ஒரு புள்ளி அகலம், ஒரு புள்ளி உயரம் உள்ள படம் ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். ஆளுக்கு ஒரு முகவரி வைத்துத் தயாரித்த படம். கடிதத்தைத் திறந்ததும் அந்தப் படத்தைக் கேட்டு நம் கணினி வெளியே ஆள் அனுப்பும். இன்னார் இத்தனை மணிக்குத் திறந்தார் என்று அனுப்பியவருக்குத் தகவல் போய்விடும். எழுத்து மட்டும் காட்டும் நிரல் அந்தப் படத்தைக் கேட்டுப் போவதே இல்லை. நான் ஒரு கடிதத்தை எப்போது படித்தேன், எத்தனை முறை படித்தேன் என்பது எனக்கும் அந்தக் கடிதத்துக்கும் நடுவிலேயே நிற்கிறது. இதை ஒரு வசதி என்று மட்டும் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. வந்த கடிதத்தை அடுத்தவர் கண்காணிப்பு இல்லாமல் படிப்பது எவருக்கும் உரியது.

லின்க்ஸ் இன்னொரு நல்ல காரியம் செய்கிறது. கடிதத்தில் உள்ள சுட்டிகள் எல்லாவற்றையும் எண் போட்டு, அவை உண்மையில் எங்கே போகின்றன என்று அடியில் பட்டியலிட்டுவிடும். வங்கியின் பெயரில் ஒரு கடிதம் வந்தது: கே.ஒய்.சி. காலாவதியாகிவிட்டது, இன்று மாலைக்குள் புதுப்பிக்காவிட்டால் கணக்கு முடங்கும் என்று. மேலே வாசகம் வங்கியின் குரலிலேயே இருந்தது. கீழே பட்டியலில் இருந்த முகவரிக்கும் அந்த வங்கிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பிறகு 'ஹெச்' விசையைத் தட்டினேன். மறைந்திருந்த தலைப்பு வரிகள் முழுதாக வந்தன. ஒவ்வொரு சர்வரும் தன் முத்திரையை முந்தைய முத்திரைக்கு மேலே போட்டுவிட்டுக் கடிதத்தை அடுத்த இடத்துக்குத் தள்ளும் என்பதால், அவற்றைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். தபால் உறையில் எந்த ஊர் முத்திரை விழுந்திருக்கிறது என்று திருப்பிப் பார்ப்பது மாதிரிதான். கீழ் வரிகளை அனுப்பியவரே பொய்யாக எழுதிச் சேர்க்கலாம். நம்முடைய சர்வர் கடைசியாகப் போட்ட மேல் வரியில் கை வைக்க முடியாது. அந்த வரியிலும் வங்கியின் பெயர் இல்லை. இதைப் பார்க்க நான் கணினி நிபுணனாக இருக்க வேண்டியதில்லை. நிரல் என்னிடமிருந்து எதையும் ஒளிக்காமல் இருந்தால் போதும்.

எழுதும் விஷயத்துக்கு வருகிறேன். 'ஆர்' தட்டினால் வந்த கடிதத்தின் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு அம்புக்குறி போட்டு, நமக்குப் பழக்கமான எடிட்டரில் திறந்து தரும். தேவையில்லாத வரிகளை வெட்டிவிட்டு, அவர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அதற்குக் கீழேயே பதில் எழுதலாம். இப்படி எழுதினால் கேட்ட எதற்கும் பதில் சொல்லாமல் நழுவ முடியாது. லினக்ஸ் கெர்னலை எழுதும் உலகம் முழுக்க இன்றும் இப்படித்தான் இயங்குகிறது. திருத்தங்கள் வெற்றெழுத்துக் கடிதமாக வரும்; படித்தவர்கள் வரிக்கு வரி கீழே கருத்து எழுதுவார்கள். எந்த அஞ்சல் நிரல் இதற்குத் தோதுப்படும் என்று கெர்னலோடு வரும் ஆவணங்களில் தனிக் கட்டுரையே இருக்கிறது. ஆல்பைனுக்கும் மட்டுக்கும் அதில் இடமுண்டு. ஜிமெயிலின் வலைப்பக்கம் டேபை இடைவெளியாக மாற்றிவிடும், வரியை உடைத்துவிடும் என்பதால் திருத்தம் அனுப்ப அது உதவாது என்று அதில் எழுதியிருக்கிறார்கள். ஒரு எழுத்துகூட இடம் மாறாமல் போய்ச் சேர வேண்டிய காரியத்துக்கு இந்தப் பழைய நிரல்கள்தான் கைகொடுக்கின்றன.

என் கடிதங்கள் என் வட்டில் கோப்புகளாகவே இருக்கின்றன. டி. ஜே. பெர்ன்ஸ்டைன் வகுத்த மெயில்டிர் முறைப்படி கடிதம் ஒன்றுக்குக் கோப்பு ஒன்று. சர்வரிலிருந்து எம்பிசிங்க் என்ற நிரல் அவற்றைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். ஊருக்குப் போய் சிக்னல் இல்லாத திண்ணையில் உட்கார்ந்தும் பழைய கடிதம் எதையும் படிக்கலாம்.

இதன் அருமை பெரியப்பா விஷயத்தில் எனக்குத் தெரிந்தது. ஓய்வு பெற்றபின் மின்னஞ்சல் பழகிக்கொண்டவர் அவர். புதுக் கடிதம் தொடங்க மாட்டார். என்னுடைய பழைய கடிதம் ஏதாவது ஒன்றைத் திறந்து, பதில் பொத்தானை அழுத்தி, சொல்ல வந்ததை எழுதிவிடுவார். மட் எந்தக் கடிதம் எதற்குப் பதில் என்று பார்த்து, கிளை கிளையாகக் கோடு இழுத்துக் காட்டும் நிரல். அதனால் 'தீபாவளிக்கு வருகிறீர்களா' என்ற பொருளின் கீழே வயல் பட்டா, சித்தியின் கண் ஆபரேஷன், குலதெய்வக் கோயில் கும்பாபிஷேக வசூல் எல்லாம் ஒரே மரமாக வளர்ந்து நிற்கின்றன. கிளையை வெட்டித் தனியாக்க ஒரு விசை இருக்கிறது. நான் வெட்டியதில்லை. எதிலிருந்து எது ஞாபகம் வந்து எழுதினார் என்பது அந்தக் கோடுகளில் தெரிகிறது. நான் முதலில் வைத்திருந்த இலவச அஞ்சல் சேவை ஒருநாள் கடையைக் கட்டியபோது, அங்கிருந்து நான் அவசரமாக எடுக்க வேண்டியது எதுவும் இருக்கவில்லை. முகவரிதான் மாறியது. பெரியப்பாவின் மரம் என் வட்டில் அப்படியே இருந்தது, புது முகவரிக்கு வந்த பதில்களும் அதே கிளைகளில் போய் ஒட்டிக்கொண்டன.

இனி தமிழ். இந்த நிரல்களை நேசிக்கும் தமிழனுக்கு மனம் நோகும் இடமும் இதுதான்.

முதலில் கடிதத்துக்குள் தமிழ் எப்படிப் போகிறது என்று பார்ப்போம். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். அஞ்சல் பழங்காலத்தில் ஆங்கில எழுத்துக்காகப் போட்ட பாதை என்பதால், அந்த பைட்டுகளை பேஸ்64 என்ற முறையில் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக மாற்றி அனுப்புவது வழக்கம். மூன்று பைட்டுக்கு நான்கு எழுத்து. 'அம்மா' என்பது அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து குறி, பதினைந்து பைட், வட்டில் உள்ள கோப்பில் இருபது எழுத்து. இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று உண்டு. தமிழ்க் குறிகள் யூனிகோடில் அடுத்தடுத்து ஒரே தெருவில் குடியிருப்பதால், ஒவ்வொரு நாலெழுத்துத் தொகுதியும் 4 என்ற எண்ணிலும் 'கே' என்ற எழுத்திலும்தான் தொடங்கும். மூன்றாவதாக 6 வரும், அல்லது கூட்டல் குறி வரும். சொற்களுக்கு நடுவே இடைவெளி வந்தால் ஒரு பைட் நகர்ந்து இந்த ஒழுங்கு கலையும். மூன்றாவது இடைவெளி தாண்டியதும் திரும்ப அமையும். மூலக் கோப்பை வெறுமனே பார்க்கும்போதே இது தமிழில் எழுதிய கடிதம் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

ஆனால் தேடல் இங்கே தடுக்கி விழும். ஆங்கிலக் கடிதங்களில் கிரெப் கட்டளையால் எந்தச் சொல்லையும் நொடியில் பிடிக்கலாம். 'பட்டா' என்று தேடினால் ஒன்றும் வராது, வட்டில் அந்தச் சொல் அந்த வடிவில் இல்லையே! இதற்கு 'நாட்மச்' என்ற நிரல் தீர்வு. அது கடிதங்களைப் பிரித்துப் படித்து, உண்மையான சொற்களுக்கு அட்டவணை போட்டுவைக்கும். அதில் 'பட்டா' என்று கேட்டால் பெரியப்பாவின் தீபாவளி மரத்துக்குள்ளிருந்து சரியான கடிதத்தை எடுத்துத் தரும்.

திரைதான் இன்னும் சரியாகவில்லை. டெர்மினல் என்பது சம அளவுக் கட்டங்கள் போட்ட திரை, கட்டத்துக்கு ஓர் எழுத்து என்பது அதன் அடிப்படை. 'கொ' என்பதில் ககரத்துக்கு முன்னால் கொம்பும் பின்னால் காலும் வருகின்றன; கணினிக்கு இரண்டு குறி, நமக்கு ஓரெழுத்து. அதற்கு எத்தனை கட்டம்? டெர்மினல் ஒரு கணக்குப் போடுகிறது, கணினியின் சி நூலகம் ஒரு கணக்குப் போடுகிறது, அஞ்சல் நிரல் தன் பங்குக்கு ஒன்று போடுகிறது. மூன்றும் ஒத்துப்போகாதபோது கொம்பு தனியாகப் பிரிந்து நிற்கும், எழுத்தின் மேல் எழுத்து ஏறும், கர்சர் காட்டும் இடம் ஒன்றாகவும் எழுத்து விழும் இடம் வேறாகவும் இருக்கும். எம்எல்டெர்ம், கான்சோல் என்ற டெர்மினல்கள் இரண்டும் என் அனுபவத்தில் மற்றவற்றைவிடப் பரவாயில்லை. தமிழ்க் கடிதம் எழுத நான் ஜிவிம்மை எடிட்டராக அமைத்திருக்கிறேன். 'எஃப்' என்ற தெரிவோடு அதைக் கூப்பிட்டால், நான் எழுதி மூடும்வரை மட் காத்திருக்கும். படிப்பதற்கு, செங்குத்துக் கோட்டு விசையால் கடிதத்தை வேறொரு சாளரத்துக்குத் திருப்பிவிடுவேன். வேலை நடக்கிறது. ஆனாலும் ஆங்கிலக் கடிதத்தை உள்ளேயே படித்துவிட்டு, பெரியப்பாவின் கடிதத்துக்கு மட்டும் வெளியே போக வேண்டியிருப்பதை என்னால் இயல்பென்று ஏற்க முடியவில்லை.

2022-ல் பெரிய அஞ்சல் நிறுவனங்கள் வெறும் கடவுச்சொல்லை மட்டும் வைத்து வெளி நிரல்கள் உள்ளே வருவதை நிறுத்தியபோது, இந்த நிரல்களின் காலம் முடிந்தது என்று சிலர் பேசினார்கள். புதிய அனுமதி முறைக்கென்று எழுதிய ஸ்கிரிப்ட் மட்டோடு சேர்ந்தே வருகிறது. அமைத்துவிட்டுப் பழையபடி படிக்கத் தொடங்கினோம். தேவைப்பட்டவர்கள் உட்கார்ந்து செய்ததால் நடந்த வேலை அது. 'கொ' எத்தனை கட்டம் என்ற கேள்விக்கும் அப்படி உட்கார ஆள் வேண்டும். எந்தக் குறிகள் சேர்ந்தால் ஓரெழுத்து என்பதற்கு யூனிகோடு விதி ஏற்கெனவே இருக்கிறது. அந்த விதியை டெர்மினலும் நூலகமும் அஞ்சல் நிரலும் ஒரே மாதிரி பின்பற்ற வைப்பதுதான் மீதி. மூன்றின் மூல நிரல்களும் யார் வேண்டுமானாலும் திறந்து திருத்தும்படி கிடக்கின்றன. பிழை அறிக்கை எழுதும்போதெல்லாம் 'கொ', 'போ', 'சௌ', 'ஸ்ரீ' நான்கையும் திரைப்பிடிப்போடு சேர்த்து அனுப்பிவருகிறேன். நிரல் எழுதத் தெரிந்தவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.