ஸ்கேன் க்ளீன்... ஆனா, நோட்டு பாதி காலி! - கட்டியை வென்ற சிறுவனும் ஒரு சின்ன மாத்திரையும்

மதுரையில் ஏழாம் வகுப்பு படிக்கும் அந்தச் சிறுவனுக்கு வயது 12. ஐந்து வருடங்களுக்கு முன், காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி, நடக்கும்போது தள்ளாட்டம் என்று ஆரம்பித்த பிரச்னை, சிறுமூளையில் கட்டி என்ற முடிவில் வந்து நின்றது. பெயர் மெடுல்லோபிளாஸ்டோமா. குழந்தைகளுக்கு வரும் மூளைப் புற்றுநோய்களில் அதிகம் காணப்படும் வகை இது.

ஆபரேஷன், வாரத்துக்கு ஐந்து நாள்கள் வீதம் ஆறு வாரங்கள் ரேடியேஷன், அதன்பின் மாதக்கணக்கில் கீமோ. எல்லாம் முடிந்து, இதுவரை எடுத்த ஒவ்வொரு ஸ்கேனும் சுத்தம். கொட்டிப்போய் மறுபடி முளைத்த முடியை, அழகர்கோயிலில் காணிக்கையும் செலுத்தியாகிவிட்டது. சொந்தக்காரர்கள் எல்லோரும் 'மறுபிறவி' என்கிறார்கள்.

ஆனால், வீட்டில் வேறொரு கவலை மெதுவாகத் தலைதூக்கியது. போர்டில் பத்து வரிகள் எழுதிப்போட்டால், அவன் நோட்டில் நான்கு வரிகள்தான் இருக்கும். 'பால், கொத்தமல்லி, தீப்பெட்டி' என்று சொல்லிக் கடைக்கு அனுப்பினால், பால் பாக்கெட்டோடு மட்டும் வருவான். பரீட்சையில் தெரிந்த கேள்விகளையும் பாதியில் விட்டிருப்பான். வகுப்பில் சேட்டை செய்ய மாட்டான், அமைதியாக உட்கார்ந்திருப்பான். அதனாலேயே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பள்ளியில் 'கவனம் இல்லை' என்றார்கள். டியூஷனில் 'சோம்பேறி' என்றார்கள். "செல்லம் குடுத்துக் கெடுத்துட்டீங்க" என்றார் அப்பத்தா.

"உசுரக் காப்பாத்திக் குடுத்த சாமிகிட்ட, மார்க்கையும் கேக்குறது பேராசையோன்னு தோணும்" என்கிறார் அம்மா. அதனாலேயே, ஆஸ்பத்திரி செக்கப்புக்குப் போகும்போதெல்லாம் இதைப் பற்றி வாயைத் திறக்காமலே இருந்திருக்கிறார். ஒருநாள் டாக்டரே, "ஸ்கூல்ல எப்படிம்மா படிக்கிறான்?" என்று கேட்டபோது, அழுகைதான் முதலில் வந்திருக்கிறது.

அன்று டாக்டர் விளக்கியது இதுதான். ரேடியேஷன் கட்டியின் செல்களை அழிக்கிறது. அதே நேரம், மூளையின் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்பு இழைகளையும் அது பாதிக்கக்கூடும். குழந்தையின் வயது எவ்வளவு குறைவோ, பாதிப்பு அவ்வளவு அதிகம். அது உடனே தெரிவதில்லை. சில வருடங்கள் கழித்துத்தான் வெளியே வரும். படித்தது மறந்துபோவதைவிட, புதிதாகப் படிக்கும் வேகம் குறைவதுதான் பெரிய சிக்கல். கூடப் படிக்கும் பிள்ளைகள் ஓடிக்கொண்டே இருக்க, இவன் நடந்துபோகிறான். அதனால் வருடா வருடம் இடைவெளி கூடுகிறது. 

"இவன் சோம்பேறி இல்லம்மா. ரெண்டு மடங்கு கஷ்டப்பட்டுத்தான் இந்தப் பாதி நோட்டையே எழுதுறான்."

உடனே மாத்திரைச் சீட்டை எழுதிவிடவில்லை டாக்டர். கீமோவில் கொடுக்கப்படும் சிஸ்பிளாட்டின் என்ற மருந்து காது கேட்கும் திறனைக் குறைக்கலாம். டீச்சர் சொல்வது காதில் விழாத பிள்ளையும் கவனமில்லாத பிள்ளையாகத்தான் தெரியும். ரேடியேஷனுக்குப் பிறகு தைராய்டு குறைந்தாலும் சோர்வும் மந்தமும் வரும். அதனால் முதலில் காது, கண், தைராய்டு பரிசோதனைகள் நடந்தன. தூக்கம் பற்றிக் கேட்டார்கள். உளவியல் நிபுணர் ஒருவர், கவனம், ஞாபகம், வேகம் எல்லாவற்றையும் தனித்தனியாகச் சோதித்தார். காதில் லேசான குறை இருந்தது. பையன் முதல் பெஞ்சுக்கு வந்தான். மற்றவை சரி. கவனம் மட்டும் தனியாகக் கீழே கிடந்தது.

அதன்பிறகுதான் மெத்தில்ஃபெனிடேட் என்ற பெயர் வந்தது. ஏ.டி.ஹெச்.டி உள்ள குழந்தைகளுக்குத் தரப்படும், மூளையைத் தூண்டிவிடும் வகை மருந்து. அப்பா ஒரேயடியாக மறுத்துவிட்டார். "அஞ்சு வருஷமா எம்புட்டு மருந்து போயிருச்சு அவன் உடம்புல! இப்ப மூளைக்கு இன்னொண்ணா?"

அவர் பயத்தில் நியாயம் உண்டு. இந்த வகை மருந்துகளின் கதையும் கொஞ்சம் விசித்திரமானதுதான். அமெரிக்காவின் ரோட் ஐலண்டில், மூளைக்காய்ச்சலால் பாதிக்கப்பட்ட எம்மா என்ற சிறுமியின் பெற்றோர் விட்டுச்சென்ற சொத்தில், 1931-ல் குழந்தைகளுக்கான ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. அங்கே பணியாற்றிய டாக்டர் சார்லஸ் பிராட்லி, பிள்ளைகளின் தலைவலிக்காக பென்சட்ரின் என்ற தூண்டு மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். தலைவலி பெரிதாகக் குறையவில்லை. ஆனால், சில பிள்ளைகள் திடீரென்று பாடத்தில் அக்கறை காட்ட ஆரம்பித்தார்கள். 1937-ல் அவர் இதை மருத்துவ இதழில் எழுதினார். பிள்ளைகளே அதற்கு 'கணக்கு மாத்திரை' என்று பெயர் வைத்துவிட்டார்களாம். மெத்தில்ஃபெனிடேட் 1944-ல் ஸ்விட்சர்லாந்தில் உருவானது. அதைக் கண்டுபிடித்த லியாண்ட்ரோ பனிஸான் தன் மனைவி ரீட்டாவின் பெயரை வைக்க, அது 'ரிட்டலின்' ஆனது.

அப்பாவை யோசிக்க வைத்தது, டாக்டர் சொன்ன இன்னொரு விஷயம். அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் இருக்கும் செயின்ட் ஜூட் குழந்தைகள் ஆராய்ச்சி மருத்துவமனையின் ரேமண்ட் முல்ஹெர்ன் குழு, 2004-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ரத்தப் புற்றுநோய் அல்லது மூளைக் கட்டியிலிருந்து மீண்டு, கவனக் குறைவால் படிப்பில் பின்தங்கிய 83 பேர் அதில் கலந்துகொண்டார்கள். மொத்தம் மூன்று வாரங்கள். ஒரு வாரம் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை, ஒரு வாரம் குறைந்த டோஸ், ஒரு வாரம் நடுத்தர டோஸ். எந்த வாரம் எது என்று பெற்றோருக்கும் தெரியாது, ஆசிரியருக்கும் தெரியாது. ஆனாலும், மருந்து கொடுத்த வாரங்களில் பிள்ளைகளின் கவனம் கூடியதை இரு தரப்பும் கவனித்துச் சொன்னார்கள். குறைந்த டோஸைவிட நடுத்தர டோஸ் தெளிவாக மேலானது என்றும் சொல்ல முடியவில்லை.

"அப்ப, சின்ன அளவே போதும்தானே? ஒரு மாசம் பாப்போம்" என்று இறங்கி வந்தார் அப்பா.

உயரம், எடை, ரத்த அழுத்தம், இதயத் துடிப்பு எல்லாம் பார்த்த பிறகே மருந்து தொடங்கியது. வலிப்பு வந்த வரலாறு உண்டா என்றும் கேட்டார்கள். சிறப்புச் சட்டக் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து என்பதால், டாக்டர் சீட்டு இல்லாமல் தர மாட்டார்கள். சீட்டு இருந்தாலும் எல்லாக் கடையிலும் கிடைக்காது. 'பரீட்சை நேரத்தில் நம் பிள்ளைக்கும் ஒன்று கொடுத்துப் பார்ப்போமா' என்று பக்கத்து வீட்டில் வாங்கிப் போடுகிற விஷயமும் இல்லை இது.

முதல் வாரமே டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வந்தது. மதியப் பசி காணாமல் போயிருந்தது. இந்த மருந்தின் வழக்கமான பக்கவிளைவுகளில் ஒன்று அது. தலைக்கு ரேடியேஷன் எடுத்த பிள்ளைகளுக்கு ஏற்கெனவே வளர்ச்சி ஹார்மோன் குறைய வாய்ப்பு இருப்பதால், எடையையும் உயரத்தையும் டாக்டர் விடாமல் குறித்து வருகிறார். அம்மா நேரத்தை மாற்றினார். காலையில் வயிறு நிறைய நான்கு இட்லி, அதன்பிறகே மாத்திரை. மருந்தின் வேகம் மூன்று, நான்கு மணி நேரத்தில் இறங்கிவிடும் என்பதால், சாயங்காலம் பசி திரும்பி வந்ததும் சாப்பாடு. தூக்கம் கெடக்கூடாது என்பதற்காக, பொழுது சாய்ந்தபின் மாத்திரை கிடையாது.

இரண்டாவது வாரம் நோட்டில் எட்டு வரிகள் இருந்தன. மூன்றாவது வாரம் கொத்தமல்லி வீட்டுக்கு வந்தது. தீப்பெட்டி வரவில்லை. காலாண்டுத் தேர்வில் கணக்குக்கு 38 மார்க். முன்பு 34. அப்பாவுக்கு ஏமாற்றம்தான். ஆனால் விடைத்தாளைப் புரட்டிய அம்மா கவனித்தது வேறு. முதன்முறையாகக் கடைசிக் கேள்வி வரை எழுதியிருந்தான்.

டாக்டர் இதையும் முன்பே சொல்லியிருந்தார். அதே மெம்ஃபிஸ் மருத்துவமனையில், மருந்தை ஒரு வருடம் தொடர்ந்த பிள்ளைகளைக் கவனித்து 2010-ல் வெளியான ஆய்வில், கவனம் மேம்பட்டிருந்தது. படிப்புத் திறன் அதே அளவுக்கு உயரவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்த மருந்து பலன் தருவதும் இல்லை. மாத்திரை பாடத்தைக் கவனிக்க வைக்கும். விட்டுப்போன பாடத்தை யாராவது உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால்தான் உண்டு.

அந்த வேலை பள்ளிக்குப் போனது. டாக்டரின் கடிதத்தோடு ஹெட்மாஸ்டரைப் பார்த்தார்கள். இப்போது போர்டில் உள்ளதை முழுக்க எழுதச் சொல்லாமல், அச்சடித்த தாளாகக் கொடுக்கிறார் கணக்கு டீச்சர். மூன்று வேலைகளை ஒரே மூச்சில் சொல்லாமல், ஒவ்வொன்றாகச் சொல்கிறார். தகுதியுள்ள மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு எழுத்துத் தேர்வில் மணிக்கு 20 நிமிடங்களுக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தர வேண்டும் என்றது மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல். பத்தாம் வகுப்புக்கு முன் அதற்கான சான்றிதழ் கிடைக்குமா என்று அப்பா அலைந்துகொண்டிருக்கிறார்.

போன மாதம் ஓர் இரவு, படுக்கப்போகும் நேரத்தில் பையன் கேட்டிருக்கிறான்: "ஏம்மா, அந்த மாத்திரை போட்டாத்தான் நான் நல்ல பையனா?"

அம்மாவுக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "நீ நல்ல பையன்தான் தம்பி. டீச்சர் சொல்றது உன்கிட்ட வந்து சேர மாட்டேங்குது. அது வர்ற வழிய மாத்திரை கொஞ்சம் சரி பண்ணுது, அம்புட்டுத்தான்" என்றாராம். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப, ஞாயித்துக்கிழமை வேணாமான்னு டாக்டர்கிட்ட நானே கேக்கவா?" என்றான். "கேளு" என்றார் அம்மா.

அடுத்த செக்கப்பில் என்னென்ன சொல்ல வேண்டும் என்று, மறக்காமல் இருக்க இப்போது அவனே ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறான். ஒன்று, மதியம் பசிக்கவில்லை. இரண்டு, ஞாயிற்றுக்கிழமை மாத்திரை வேண்டுமா? மூன்று, கணக்கில் 38. நான்கு என்று எண் மட்டும் போட்டு, எதிரே காலியாக விட்டிருக்கிறான்.

"அது என்னடா?" என்று கேட்டால், சிரிக்கிறான். "ஞாபகம் வந்ததும் எழுதிக்குவேன்மா!"