அக்கரைச் சாப்பாட்டுக் கடை

வெளிநாட்டில் சாப்பாட்டுக் கடை வைக்கப் போகிறவர் முதலில் நல்ல சமையற்காரனைத் தேடுவார். என் நண்பர் என்னைத் தேடினார். சமையலில் எனக்குள்ள ஞானம் வெந்நீர் வைப்பதோடு சரி என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். "சமையலுக்கு ஆள் கிடைப்பான், சார். நீங்கள் கதை எழுதுகிறவர். நம்மவர்கள் இந்த ஊரில் ஒரு கடைக்குள் நுழையும்போது மனசில் என்ன வைத்துக்கொண்டு நுழைகிறார்கள் என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். இலக்கியக் கூட்டம் ஒன்றுக்காகச் சிங்கப்பூர் போயிருந்த நான், மேலும் பத்து நாள் அவர் வீட்டில் தங்கியது இதற்காகத்தான்.

நண்பருக்குத் தேவகோட்டைப் பக்கம். கப்பல் கம்பெனி உத்தியோகத்தில் சிங்கப்பூருக்குப் போய் இருபது வருஷத்துக்கு மேலாயிற்று. உத்தியோகம் போன பிறகு, ஊரில் இருந்த பூர்விக வீட்டில் தம் பாகத்தை விற்று, சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் மாடியோடு கூடிய கடை ஒன்றைப் பிடித்திருந்தார். சாப்பாடு உண்டு, மதுவும் உண்டு. அதற்கு மேல் எதுவும் தீர்மானமாகவில்லை. அவருடைய மனைவி மட்டும் தீர்மானமாக இருந்தார். "பாட்டனார் கட்டின வீட்டை விற்றுச் சாராயக் கடை வைக்கிறார், அண்ணே. இதையும் கதையிலே எழுதுங்கள்" என்று சொல்லிக் காப்பியைக் கொண்டுவந்து வைத்தார்.

சிராங்கூன் சாலையில் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனந்த பவன் 1924-ல் தொடங்கியது. கோமள விலாஸ் 1947-ல். இன்னொரு கடை எதற்கு என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் நாங்கள் விசாரித்த அத்தனை பேரும், இருக்கிற கடைகளில் ஏதோ ஒன்று குறைகிறது என்றே சொன்னார்கள். என்ன குறைகிறது என்று கேட்டால்தான் வம்பு. கும்பகோணத்திலிருந்து 1988-ல் வந்த பாங்கு அதிகாரி ஒருவர், சாம்பாரில் சின்ன வெங்காயம் கரையாமல் முழுசாகக் கிடக்க வேண்டும், காப்பி டபராவில் வர வேண்டும், பரோட்டா என்ற பேச்சே அங்கே எழக்கூடாது என்றார். மதுரையிலிருந்து 2016-ல் வந்த கம்ப்யூட்டர் இளைஞர் ஒருவருக்கோ, பரோட்டா இல்லாவிட்டால் அது தமிழ்க் கடையே இல்லை. கல்லில் கொத்துகிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்க வேண்டுமாம்! அங்கேயே பிறந்து வளர்ந்த பெரியவர் ஒருவர், மீன் தலைக் கறி இருந்தால்தான் ஊர்ச் சாப்பாடு என்று அடித்துச் சொன்னார். அந்தக் கறியை 1949-ல் சிங்கப்பூரில் விற்க ஆரம்பித்தவர் கோமஸ் என்ற மலையாளி. மீன் தலையைச் சீனர்கள் விரும்பி உண்பதைப் பார்த்து அவர்களுக்காகச் செய்தார் என்பார்கள். பெரியவரின் ஊர் சிங்கப்பூர்தான் என்பதை நினைத்துக்கொண்டு நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

நாலைந்து நாள் இப்படிக் கேட்ட பிறகு ஒரு விஷயம் புலப்பட்டது. இவர்கள் கேட்பது ஊர்ச் சாப்பாடு என்று நண்பர் நினைத்துக்கொண்டிருந்தார். அவரவர் ஊரை விட்டுப் புறப்பட்ட வருஷத்துச் சாப்பாட்டைத்தான் கேட்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. "நீங்கள் சொல்கிற சாம்பார் இன்றைக்குக் கும்பகோணத்தில் கிடைக்கிறதா?" என்று பாங்கு அதிகாரியைக் கேட்டேன். "அங்கே எங்கே சார் கிடைக்கிறது? போன தடவை போனால் எல்லா ஓட்டலிலும் ஃப்ரைடு ரைஸ் விற்கிறான்!" என்று என்னைக் கோபித்துக்கொண்டார்.

ஆகவே புதுக் கடையிடம் அவர்கள் எதிர்பார்ப்பது பழமையை. திறப்பு விழா நடந்த அன்றே அது முப்பது வருஷமாக நடக்கிற கடைபோல இருக்க வேண்டும். லண்டனில் ஸ்ட்ராண்ட் வீதியில் இந்தியா கிளப் என்று ஒன்று இருந்தது. கிருஷ்ண மேனன் பெயரோடு சேர்த்துப் பேசப்படுவது. 1951-ல் தோன்றி, 1964-ல் அந்த வீதிக்குக் குடிவந்தது. முதல் மாடியில் மதுக்கூடம், இரண்டாம் மாடியில் தோசை. பல வருஷத்துக்கு முன் நான் ஒரு முறை படியேறிப் போயிருக்கிறேன். ஃபார்மைகா மேஜை, நிமிர்ந்த முதுகுள்ள நாற்காலி, சுவரில் காந்தி படம். நம் ஊர் மாவட்டத் தலைநகர் ஒன்றின் பழைய லாட்ஜில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. தோசை சுமார்தான். அதைப் பற்றி அங்கே ஒருவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. 2023 செப்டம்பரில் அதை மூடியபோது, கடைசியாக ஒரு தடவை சாப்பிட்டுவிட வேண்டும் என்று ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். எழுபது வருஷத்துக் கடைக்கு அது கிடைக்கும். போன மாதம் வாடகைக்குப் பிடித்த கடைக்கு எப்படிக் கிடைக்கும்?

சாப்பாட்டு விஷயம் இப்படி என்றால், மது விஷயம் இன்னும் விசித்திரம். நம் நாட்டில் 1948-லிருந்து முழு மதுவிலக்கு. 1971-ல் கதவைத் திறந்தார்கள், 1974-க்குள் மூடினார்கள், 1981-ல் மறுபடி திறந்தார்கள். 2003-லிருந்து சர்க்காரே கடை வைத்து விற்கிறது. இத்தனைக்குப் பிறகும் நம்மவன் குடிக்கிற இடத்தின் லட்சணம் நீங்கள் அறியாததல்ல. பிளாஸ்டிக் டம்ளர், ஈரத் தரை, தெரிந்தவர் வருகிறாரா என்று வாசலையே பார்க்கும் கண்கள். அக்கரையில் அவனுக்கு வேண்டியது முக்கியமாக மதுகூட இல்லை. நிமிர்ந்து உட்கார ஒரு நாற்காலி. இஞ்சினீயர் ஒருவர் மிக நேர்மையாகச் சொன்னார்: "சுற்றிலும் தமிழ்ப் பேச்சுக் கேட்க வேண்டும், சார். ஆனால் என் மாமனார் ஊர்க்காரன் ஒருத்தன்கூட அங்கே இருக்கக் கூடாது." இந்த இரண்டையும் ஒரே கூரையின் கீழ் எப்படித் தருவது என்று நண்பர் அன்றிரவு வெகு நேரம் யோசித்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் பெண் ஒருத்தியையும் கேட்டோம். "நான் உள்ளே வந்தால் எல்லாரும் திரும்பிப் பார்க்காத இடமாக இருக்கட்டும். எலுமிச்சம்பழச் சாறு கேட்டாலும் பார்க்கிறார்கள்" என்றாள். நண்பரின் மனைவி இதை மட்டும் தலையை ஆட்டி ஆமோதித்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்றைக்குச் சிராங்கூன் சாலையைப் பார்க்க வேண்டும்! கட்டடத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்யும் ஆயிரக்கணக்கான தமிழர்களும் வங்காளிகளும், ஊர்க் கோடியில் இருக்கும் தங்கும் விடுதிகளிலிருந்து வந்து நிறைந்துவிடுகிறார்கள். ஊருக்குப் பணம் அனுப்புவார்கள், சாமான் வாங்குவார்கள், சிநேகிதனைப் பார்ப்பார்கள். முன்பெல்லாம் புல்வெளியில் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு பீர் குடிப்பதும் உண்டு. 2013 டிசம்பர் 8-ந் தேதி தமிழ்த் தொழிலாளி ஒருவர் ரேஸ் கோர்ஸ் சாலையில் பஸ்ஸில் அடிபட்டு இறந்து, அதையொட்டிக் கலவரம் மூண்டது. 2015-ல் சட்டம் வந்தது. வார இறுதியில் அந்த வட்டாரத்துப் பொது இடங்களில் குடிக்கக் கூடாது. லைசென்ஸ் உள்ள கடைக்குள் உட்கார்ந்து குடிக்கலாம். அங்கே ஒரு குவளை பீருக்குக் கொடுக்கிற பணத்தில் புதுக்கோட்டையில் ஒரு குடும்பத்துக்குக் காய்கறி வந்துவிடும்.

அந்தக் கூட்டத்தில் அறந்தாங்கிப் பக்கத்துப் பையன் ஒருவனிடம் பேச்சுக் கொடுத்தேன். புதுக் கடையில் என்ன இருந்தால் வருவாய் என்று கேட்டேன். சாம்பார் என்று சொல்லவில்லை, பரோட்டா என்றும் சொல்லவில்லை. "சூடா இருந்தாப் போதும் அண்ணே" என்றான். வாரத்தில் ஆறு நாள், விடியற்காலையில் கொண்டுவந்து கொடுக்கிற பொட்டலச் சோற்றை மத்தியானம் பிரித்துச் சாப்பிடுகிறவன் அவன். சில நாள் பிரிக்கும்போதே வாடை தெரியுமாம். சொல்லிவிட்டுச் சிரித்தான். நான் இந்தக் கட்டுரையை எழுதுவது அந்தச் சிரிப்புக்காகத்தான் என்று சொன்னாலும் தவறில்லை.

திரும்பி வந்தபோது கடையில் ஒரு பலகை வந்து இறங்கியிருந்தது. உள்ளலங்காரம் செய்கிறவர் சொல்லி எழுதிய பலகை. ரப்பர் செருப்பும் அரைக்கால் சட்டையும் அணிந்தவர்களுக்கு அனுமதியில்லை என்று ஆங்கிலத்தில் பொன் எழுத்துக்கள். எனக்குச் சுர்ரென்றது.

"யாருக்காக இது?" என்றேன்.

"அவர்கள் வந்தால் இவர்கள் வரமாட்டார்கள், சார். வாடகையை எப்படிக் கொடுப்பேன்?"

அதற்குப் பதில் என்னிடம் இல்லை. அந்த ஊரில் இஞ்சினீயருக்கு 'எக்ஸ்பாட்' என்று பெயர். அறந்தாங்கிப் பையனுக்கு 'ஒர்க்கர்' என்று பெயர். தமிழில் இரண்டு பேரும் பிழைக்கப் போனவர்கள். இதை அவரிடம் சொன்னேன். "தமிழ் சரிதான், சார்" என்றார் நண்பர். அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அவர் மனைவிதான் இருவருக்கும் ரசம் ஊற்றினார். ஊற்றிக்கொண்டே, "கீழே நான் பார்த்துக்கொள்கிறேன். எந்தச் செருப்பும் வரட்டும். பலகையை மாடிப்படியில் மாட்டிக்கொள்ளுங்கள்" என்றார்.

நான் ஊர் திரும்பி ஆறு மாதம் கழித்து நண்பரிடமிருந்து கடிதம் வந்தது. மாடி வியாபாரம் சுமார். இஞ்சினீயர் இரண்டு தடவை வந்தார், மூன்றாம் தடவை யாரையோ பார்த்துவிட்டுப் பாதிப்படியில் திரும்பிப் போய்விட்டார். கீழே ஞாயிற்றுக்கிழமைகளில் இலை போட்டு மாளவில்லை. அன்றைக்கு மட்டும் சோறு மூன்று தடவை வடிக்கிறார்கள். பாங்கு அதிகாரி வாரம் தவறாமல் வந்து, சாம்பார் சரியில்லை என்று சொல்லி இரண்டு கிண்ணம் சாப்பிட்டுவிட்டுப் போகிறார். கடிதத்தின் ஓரத்தில் அந்த அம்மாளின் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: "மாடிக்கு நான் இன்னும் ஏறிப் பார்க்கவில்லை, அண்ணே."