சொட்டிய இடமும் கசிந்த இடமும்

விஞ்ஞானம் படிக்கிறவனுக்கு ஒரு கர்வம் உண்டு. எதைக் கண்டாலும் உடனே காரணம் சொல்லிவிடுவான். எனக்கும் அந்தக் கர்வம் இருந்தது. சிவாஜிநகரில் ஒரு மோட்டார் பட்டறையில், பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் அடியில் மல்லாந்து கிடந்தபோதுதான் அது சற்றே கரைந்தது.

சிவாஜிநகரை நம் மாணவ நண்பர்களுக்கு நான் அறிமுகம் செய்யவேண்டியதில்லை. 1927-இல் எழுந்த ரஸ்ஸல் மார்க்கெட்டையும், செப்டம்பர் மாதத்தில் காவி உடுத்திய பக்தர்கள் திரளும் மரியன்னை பேராலயத்தையும் பாராதவர் நம்மில் யார்? அங்கே தமிழும் உருதும் கன்னடமும் ஒரே பேச்சில் கலந்து வரும். அந்தச் சந்தடிக்குள்ளேயே பழைய மோட்டார் உறுப்புகள் விற்கும் குஜரிக் கடைகளும் இருக்கின்றன. ஓடி ஓய்ந்த வண்டி ஒன்று அங்கே போனால், கதவு ஒருபுறம், கண்ணாடி ஒருபுறம், எஞ்சின் ஒருபுறம் என்று பிரிந்துவிடும். முழு வண்டியாக அது மறுபடி வெளியே வராது.

நான் குடியிருக்கும் மாடி அறைக்குக் கீழேதான் அந்தப் பட்டறை. அதை நடத்துகிறவரை எல்லோரும் பாய் என்றே அழைப்போம். அறுபதைக் கடந்தவர். அதிகம் பேசமாட்டார். விடுமுறை நாட்களில் அவர் அருகில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது எனக்கு வழக்கம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, சிவப்பு நிறச் சிறுவண்டி ஒன்று வந்து நின்றது. மாஸ்டா எம்.எக்ஸ்.-5. 1989-இல் சிக்காகோ மோட்டார் கண்காட்சியில் உலகம் முதன்முதலாகக் கண்ட மாடல். இரண்டே இருக்கை, மடித்துவிடக்கூடிய மேற்கூரை, வேண்டும்போது தவளைக் கண்போல் மேலெழும் முன்விளக்குகள். அதை ஓட்டி வந்தவர் ஓய்வுபெற்ற முதியவர். சிங்கப்பூரிலிருந்து திரும்பிய அவருடைய அண்ணன் கொண்டுவந்த வண்டியாம் அது. அண்ணன் இப்போது இல்லை. மாதம் ஒருமுறையாவது அதில் ஏறி ஒரு சுற்றுப் போய்வந்தால் அவரோடு பேசிக்கொண்டிருந்தது போல இருக்கும் என்றார்.

குறை இதுதான்: ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வண்டி முனகுகிறது; நிறுத்திய இடத்தில் எண்ணெய் சொட்டுகிறது.

ஸ்டீயரிங்கைத் திருப்பும் கைக்கு எண்ணெய் எப்படித் துணை செய்கிறது என்பதை இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஞ்சினோடு பெல்ட்டால் இணைந்த ஒரு பம்பு எண்ணெயை அழுத்தி, கனத்த ஹோஸ் வழியாக ரேக்குக்கு அனுப்புகிறது. ரேக் என்பது சக்கரங்களை இடமும் வலமும் தள்ளும் நீண்ட பற்சட்டம். அது ஒரு குழலுக்குள் ஓடுகிறது. நாம் திருப்பும் பக்கத்துக்கு ஏற்ப, அந்தக் குழலுக்குள் ஒருபுறம் எண்ணெயின் அழுத்தம் மிகுந்து சட்டத்தைத் தள்ளுகிறது. வேலை முடிந்த எண்ணெய் இன்னொரு குழாய் வழியே திரும்பி வருகிறது. பிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 1926-இல் இத்தகைய அமைப்பை ஒரு காரில் பொருத்தி ஓட்டிக் காட்டினார். விற்பனைக்கு வந்த காரில் அது இடம்பெற 1951 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு கிறைஸ்லர் கம்பெனியின் இம்பீரியல் கார் அதைத் தாங்கி வந்தது. இன்றைய புதுக் கார்கள் பெரும்பாலானவற்றில் எண்ணெய்க்குப் பதில் மின்மோட்டாரே இந்த வேலையைச் செய்கிறது. ஆனால் பழைய வண்டிக்கு எண்ணெய்தான் உயிர்.

பாய் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. வண்டியின் அடியில் ஒரு வெள்ளைத் தாளை விரித்தேன். சிறிது நேரத்தில் அதில் செந்நிறச் சொட்டுகள் விழுந்தன. எஞ்சின் எண்ணெய் என்றால் கறுத்திருக்கும், ஏ.சி. நீர் என்றால் நிறமிராது. இது ஸ்டீயரிங் எண்ணெயேதான். குனிந்து பார்த்தேன். ரேக்கின் முனையை மூடியிருக்கும் ரப்பர் உறையின் அடியில் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது. போதாதா?

“ரேக்கின் உள் சீல் போய்விட்டது, சார். ரேக்கையே மாற்றவேண்டும்” என்றேன். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கவேண்டும் என்றும், அதன் விலை என் ஓராண்டு அறை வாடகையைத் தாண்டும் என்றும் கூடுதலாகச் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, “அவ்வளவு என்னால் முடியாது தம்பி. திங்கட்கிழமை குஜரிக்காரர்களை அழைத்து வருகிறேன்” என்று சொல்லிவிட்டு, வண்டியின் கதவை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு நடந்தார்.

பாய் திரும்பி வந்ததும் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “தொடச்சுப் பாத்தியா, தம்பி?”

இல்லை. நான் துடைக்கவே இல்லை.

அவர் வேலையைத் தொடங்கினார். முதலில் ரப்பர் உறையின் பிடிப்பைத் தளர்த்தி உள்ளே விரலை விட்டார். உள்சீல் கெட்டிருந்தால் எண்ணெய் உறைக்குள் தேங்கி நிற்கவேண்டும். விரல் காய்ந்தே வந்தது. ஈரமெல்லாம் வெளிப்புறத்தில்தான். அப்படியானால் அது மேலிருந்து வழிந்து வந்திருக்கவேண்டும். இந்தச் சின்ன நியாயம் எனக்கு ஏன் தோன்றவில்லை?

பிறகு பம்பு, ஹோஸ், குழாய், ரேக் எல்லாவற்றையும் எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவித் துடைத்து உலரவிட்டார். குழந்தைகளுக்குப் பூசும் பவுடரை எடுத்து எங்கும் தூவினார். எஞ்சினை ஓடவிட்டோம். ஐந்து நிமிடம் ஆகியும் ஒரு சொட்டும் இல்லை. “ஸ்டீயரிங் நேரா இருக்கறப்போ அழுத்தம் கொஞ்சம்தான். இப்போ திருப்பு. கடைசி வரைக்கும் போய் உடனே திரும்பிடு, அங்கேயே பிடிச்சு வைக்காதே” என்றார்.

ஸ்டீயரிங் கடைசி எல்லையைத் தொடும்போது எண்ணெயின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் எழுபது மடங்கையும் தாண்டக்கூடும். அங்கேயே பிடித்து வைத்தால் எண்ணெய் சூடேறிப் பம்பு கெடும். நான் இருமுறை திருப்பினேன். “நிறுத்து” என்றார். இறங்கிப் பார்த்தேன். மேலே, ஹோஸின் ரப்பர் உலோக முனையோடு சேரும் பூண் இருக்கிறதே, அதன் விளிம்பில் வெண்பொடி செந்நிறமாக மாறியிருந்தது. அங்கிருந்து ஒரு மெல்லிய கோடு குழாயைப் பற்றி இறங்கி, வளைந்து, ரேக்கின் ரப்பர் உறையில் வந்து முடிந்திருந்தது. உறை பாவம், எங்கிருந்தோ வந்த துளியைத் தாங்கியிருந்ததுதான் அது செய்த குற்றம்!

எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வியப்பில் அந்தப் பூணைத் தொடக் கை நீட்டினேன். பாய் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவிட்டார். ஊசித்துளை வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். மேலே ஒரு புள்ளிதான் தெரியும், உள்ளே கை அழுகும். ஓடும் எஞ்சினில் தேடுவதானால் அட்டைத் துண்டை நீட்டித்தான் தேடவேண்டும்.

அன்று மாலையே முதியவருக்குத் தொலைபேசி செய்தேன். “நான் சொன்னது தவறு, சார். ரேக் நன்றாக இருக்கிறது. ஒரு ஹோஸ்தான் பழுது” என்றேன். பரீட்சையில் தோற்றதைக்கூட அவ்வளவு சிரமப்பட்டு நான் சொன்னதில்லை. மறுமுனையில் நீண்ட மௌனம். பிறகு, “நல்லவேளை, சொன்னாயே தம்பி” என்றார்.

மறுநாள், மண்வெட்டும் இயந்திரங்களுக்கு ஹோஸ் செய்யும் கடையில், பழைய உலோக முனைகளின் அளவுக்கே புது ஹோஸ் பூண் இறுக்கித் தந்தார்கள். அதைப் பொருத்திப் புது எண்ணெய் ஊற்றினோம். முன்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கிவைத்து, எஞ்சினை ஓட்டாமலே ஸ்டீயரிங்கை இருபுறமும் மெல்லத் திருப்பி, உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றினோம். அந்தக் காற்றுதான் அதுவரை முனகிக்கொண்டிருந்தது. எஞ்சினை ஓட்டினோம். ஓசை நின்றது. இரவு முழுவதும் விரித்துவைத்த தாள் காலையில் வெள்ளையாகவே இருந்தது.

திங்கட்கிழமை முதியவர் தனியாகவே வந்தார். மேற்கூரையை மடித்துவிட்டு வண்டியில் ஏறி, கூட்டத்தினூடே மெல்ல ஓட்டிச் சென்றார்.

நண்பர்களே, அழுத்தம் பற்றிய சூத்திரங்கள் எனக்குத் தெரியும்; பாய்க்குத் தெரியாது. ஆனால் முடிவு சொல்வதற்கு முன் துடைக்கவேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. விளைவு தோன்றும் இடமே காரணம் இருக்கும் இடம் என்று எண்ணிவிடுவது எத்தனை எளிது! சோதனைக்கூடத்தில் அப்படி எண்ணினால் ஒரு வரைபடம் கெடும். வெளியே எண்ணினால், ஒருவர் தம் அண்ணனின் நினைவையே குஜரிக்கு அனுப்ப நேரும்.

இப்போதும் சோதனைக்கூடத்தில் ஏதேனும் முடிவு எழுதப் பேனாவை எடுக்கும்போது அந்தக் குரல் கேட்கிறது: “தொடச்சுப் பாத்தியா, தம்பி?”