தான் போட்ட கையெழுத்தைத் தானே அடித்தவர்

சேஸ் பேங்க் என்ற பெயரைக் கேள்விப்படாத வங்கிக்காரர் இருக்க மாட்டார். ஜே.பி.மார்கன் சேஸ் என்கிறோமே, அதில் பின்பாதி. அந்த சேஸ் யார் என்று நாக்பூரில் எங்கள் கிளையில் கேட்டுப் பார்த்தேன். பேங்க் ஆரம்பித்த சேட்ஜியாக இருக்கும் என்றார் பக்கத்து சீட்டுக்காரர். பி.காம். படித்த காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஆள் பேங்க் ஆரம்பித்தவரே இல்லை. 1877-ல் அந்த பேங்க் தொடங்கியபோது அவர் இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. ஜான் தாம்சன் என்பவர் மரியாதைக்காக வைத்த பெயர் அது. சால்மன் பி. சேஸ் உண்மையில் வக்கீல். அப்புறம் செனட்டர், ஓஹையோ மாநில கவர்னர், லிங்கனின் நிதியமைச்சர், கடைசியில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி. ஒரே ஆள்தாங்க!

1808-ல் நியூ ஹாம்ஷயரில் பிறந்தார். ஒன்பது வயதில் அப்பா போய்விட்டார். பிஷப்பாக இருந்த சித்தப்பா கொஞ்ச காலம் ஓஹையோவில் வைத்து வளர்த்தார். சட்டம் படித்து 1830-ல் சின்சினாட்டியில் பிராக்டிஸ் ஆரம்பித்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கென்டக்கி, அடிமை முறை இருந்த மாநிலம். அங்கிருந்து தப்பி வந்தவர்களுக்காகவும், அவர்களுக்கு உதவியவர்களுக்காகவும் கோர்ட்டில் நின்றார். பெரிய கேஸ்களில் தோற்றார், ஆனாலும் விடவில்லை. ஓடிவந்த அடிமைகளின் அட்டர்னி ஜெனரல் என்று அவருக்குப் பட்டப்பெயரே உண்டு.

இன்னொரு பக்கமும் உண்டு. மனுஷனுக்கு ஜனாதிபதி நாற்காலி மேல் தீராத ஆசை. 1856, 1860, 1864, 1868 என்று ஒவ்வொரு தேர்தலிலும் ஒரு கண் அங்கேயே இருந்தது. 1862-ல் புது ஒரு டாலர் நோட்டு அச்சடித்தபோது அதில் யார் படம் என்று நினைக்கிறீர்கள்? நிதியமைச்சர் படம்தான் :-)

அந்த நோட்டுதான் நம்ம கதை. உள்நாட்டுப் போர் நடக்கிறது. 1861 டிசம்பர் கடைசியில் பேங்குகள் தங்கம் கொடுப்பதை நிறுத்திவிட்டன. சிப்பாய்க்குச் சம்பளம் போடக் காசில்லை. சேஸ் அடிப்படையில் தங்கம், வெள்ளி மட்டுமே பணம் என்று நம்பியவர். தயங்கித் தயங்கித்தான், வேறு வழியில்லை என்று காங்கிரசுக்கு எழுதினார். 1862 பிப்ரவரி 25-ல் சட்டம் வந்தது. பின்பக்கம் பச்சையாக இருந்ததால் கிரீன்பேக் என்று பெயர். முதலில் 15 கோடி டாலர், போகப் போக 45 கோடி வரை அனுமதி. பின்னால் தங்கம் கிடையாது, ஆனால் கடனுக்குக் கொடுத்தால் வாங்கியே ஆக வேண்டும். அதாவது லீகல் டெண்டர். (2016 நவம்பரில் கவுன்டரில் உட்கார்ந்த எங்களுக்கு இந்த வார்த்தையின் கனம் நன்றாகவே தெரியும்.) 1864 கோடையில் அந்தக் காகித டாலரின் மதிப்பு தங்கத்தில் 40 சென்டுக்கும் கீழே போனது.

அதே வருஷம் ஜூனில் சேஸ் கொடுத்த ராஜினாமாவை லிங்கன் ஏற்றுக்கொண்டார். டிசம்பரில் அவரையே தலைமை நீதிபதியாகவும் ஆக்கினார். கிரீன்பேக்கைக் கொண்டுவந்தவரே அதைக் காப்பாற்றாமல் என்ன செய்வார் என்ற கணக்கு!

கணக்கு தப்பியது. சூசன் ஹெப்பர்ன் என்ற அம்மா 1860-ல் 11,250 டாலருக்கு ஹென்றி கிரிஸ்வோல்டுக்கு புரோநோட்டு எழுதிக் கொடுத்திருந்தார். கெடு 1862 பிப்ரவரி 20, சட்டம் வருவதற்கு ஐந்து நாள் முன்பு. பிறகு வழக்கு வந்தபோது காகித நோட்டைக் கொடுத்தார் அந்த அம்மா. தங்கக் காலத்தில் கொடுத்த கடனுக்குக் காகிதமா என்பது கிரிஸ்வோல்டின் கேள்வி. நியாயம்தானே? 1870 பிப்ரவரி 7-ல் சேஸே தீர்ப்பு எழுதினார்: சட்டத்துக்கு முன்பு வாங்கிய கடனுக்கு இந்த நோட்டு செல்லாது. தான் வேண்டும் என்று கேட்டு வாங்கிய சட்டத்தையே அடித்துவிட்டார்!

எங்கள் தொழிலில் ஒரு ஆபீசர் சாங்ஷன் செய்த லோனை இன்ஸ்பெக்ஷன் பண்ண அவரையே அனுப்புவது வழக்கமில்லை. பழைய கையெழுத்தைக் காப்பாற்றவும் தோன்றும், நல்ல பேர் வாங்க அதையே குத்தவும் தோன்றும். சேஸ் விலகி இருந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. அதோடு, அந்தத் தீர்ப்பில் ஒரு ஆபீஸ் நோட் வாசனை அடிக்கிறது. போர்ப் பதட்டத்தில் இது அவசியம் என்று வாதாடியவர்களில் பலர் அமைதி திரும்பியபின் மறுபரிசீலனை செய்திருக்கிறார்கள் என்ற பொருளில் எழுதுகிறார். அந்தப் பலரில் முதல் ஆள் நான்தான் என்று சொல்லவில்லை.

தீர்ப்பு வந்த அதே நாளில் ஜனாதிபதி கிராண்ட், உச்ச நீதிமன்றத்துக்கு இரண்டு புது நீதிபதிகளை நியமிக்கப் பரிந்துரைத்தார். 1871 மே 1-ல் 5-க்கு 4 என்று தீர்ப்பு தலைகீழானது. கிரீன்பேக் எல்லாக் கடனுக்கும் செல்லும். சேஸ் தோற்ற பக்கம்.

அந்த மறுப்புத் தீர்ப்பில்தான் எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது. இந்த முறை 'பலர்' இல்லை. நிதியமைச்சராக இருந்தபோது தான் கொண்டிருந்த கருத்து தவறு என்று, தன்னைத் தலைமை நீதிபதி என்று படர்க்கையில் குறிப்பிட்டு, தயங்காமல் பதிவு செய்கிறார். இதனால் அவருக்கு லாபம் ஒன்றுமில்லை. பெரும்பான்மை போய்விட்டது, தீர்ப்பு மாறப் போவதில்லை, ஏற்கெனவே பக்கவாதத்தால் உடம்பும் தளர்ந்திருந்தது. 1873 மே 7-ல் காலமானார்.

ஜெயித்த தீர்ப்பில் பன்மைக்குள் மறைந்துகொண்டவர், தோற்ற தீர்ப்பில் வெளியே வந்து நிற்கிறார். இருபது வருஷமாக பைல் படித்த எனக்கு இது சாதாரண விஷயமாகத் தெரியவில்லை. தவறு நடந்துவிட்டது என்று எழுதும் பைல் ஆயிரம் பார்த்திருக்கிறேன். தவறு என்னுடையது என்று எழுதும் பைல் அபூர்வம். அதுவும் அவ்வளவு உயரத்து நாற்காலியிலிருந்து!

1928 வரிசையில் அச்சான 10,000 டாலர் நோட்டில் சேஸ் படத்தைத்தான் போட்டார்கள். காகிதத்தை நம்பாத மனுஷனை அமெரிக்காவின் பெரிய காகிதங்களில் ஒன்றில் ஏற்றிவிட்டார்கள், பாவம்.

சரி, அவர் 1870-ல் அந்தக் கேஸைக் கேட்டிருக்கலாமா, விலகி இருந்திருக்க வேண்டுமா? என் கட்சியைச் சொல்லிவிட்டேன். வக்கீல் நண்பர்கள் சண்டைக்கு வரலாம்.