குற்றாலீஸ்வரனுக்கு ஜொகூரிலிருந்து ஒரு நன்றி மடல்

அன்புள்ள திரு. குற்றாலீஸ்வரன் அவர்களுக்கு,

எங்கள் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே தெப்ராவ் நீரிணை கிடக்கிறது. 1924-இல் திறந்த கடற்பாலம் ஒரு கிலோமீட்டர் சொச்சத்தில் அதைத் தாண்டிவிடுகிறது. நீங்கள் நீந்திய ஆங்கிலக் கால்வாயோ மிகக் குறுகலான இடத்திலேயே 33 கிலோமீட்டர். நீரோட்டம் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போவதால் நீந்தும் தூரம் அதற்கும் மேலே. துணைப் படகைத் தொடக்கூடாது, உடல்சூட்டைக் காக்கும் உடை அணியக்கூடாது என்பது விதி. கோடையிலும் சில்லிட்டுக் கிடக்கும் அந்தக் கடலில், சென்னை மெரினா நீச்சல் குளத்தில் பழகிய சிறுவன் இறங்கினான் என்று நினைக்கும்போது இன்றைக்கும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

1994. உங்களுக்குப் பதின்மூன்று வயது நிறைந்த ஆண்டு. பாக் நீரிணை, ஆங்கிலக் கால்வாய், இத்தாலியின் மெசினா நீரிணை உட்பட ஒரே ஆண்டில் ஆறு கடல் நீச்சல்கள். உங்களுக்கு முன், 1966-இல் இந்திய நீச்சல்காரர் மிகிர் சென் ஒரே ஆண்டில் ஐந்து நீந்திச் சாதனை படைத்தபோது அவர் முப்பதைக் கடந்த வழக்கறிஞர்.

நெடுந்தூர ஃப்ரீஸ்டைல் தனிக் கலை. காலை அளவாக உதைத்து, தோளும் மூச்சும் தாளம் தப்பாமல் மணிக்கணக்கில் போக வேண்டும். படகிலிருந்து நீட்டும் உணவை மிதந்தபடியே விழுங்கிவிட்டு மறுபடி கை வீச வேண்டும். என் மகள் 800 மீட்டர் பழகுவதைக் குளத்தோரம் உட்கார்ந்து பார்த்துத்தான் இதெல்லாம் எனக்குப் புரிந்தது.

அவள் குளத்தில் இறங்கியதற்கும் நீங்களே காரணம். நான் தோட்டத்தில் வளர்ந்தவன். "உனக்குத் தண்ணியில கண்டம்" என்று சொல்லி ஆற்றுப் பக்கமே விடமாட்டார்கள். அந்தப் பயத்தைக் குறை சொல்ல மாட்டேன். கற்றுக்கொடுக்க ஆளுமில்லை, குளமுமில்லை. பேத்தியை வகுப்பில் சேர்க்கும்போதும் அம்மா தடுத்தார். "நம்ம தமிழ்ப் பையன் ஒருத்தன் கடலையே நீந்திட்டாம்மா" என்று உங்கள் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், கடைசியில் சரியென்றார்.

நன்றி சொல்லும் இந்த நேரத்தில் ஒரு வருத்தமும் இருக்கிறது. 1996-இல் அர்ஜுனா விருது தந்தார்கள். 1998-இல், ஆதரவளிக்க ஆளில்லாமல், நீச்சலை விட்டுப் பொறியியல் படிக்கப் போனீர்கள். பதினாறு, பதினேழு வயதில் ஒரு நீச்சல்காரர் கரையேறியது உங்கள் தோல்வியல்ல. மாலை போட்டவர்கள் செலவுக்கு முன்வரவில்லை. உங்களை அந்த நிலையில் விட்டது தவறு.

ஜொகூரில் இந்த மடலைப் படிக்கும் சங்கத் தலைவர்களே, தொழிலதிபர்களே, கோயில் நிர்வாகத்தினரே: நீந்தும் தமிழ்ப் பிள்ளை ஒன்று உங்கள் வட்டாரத்தில் இருந்தால், அதன் ஓராண்டுக் குளக் கட்டணத்தையும் பயிற்றுநர் சம்பளத்தையும் ஏற்றுக்கொள்ளுங்கள். பதக்கம் வரட்டும் என்று காத்திருக்காமல், இந்த ஆண்டே செய்யுங்கள்.

ஒரு நீச்சல்காரியின் அப்பா,
ஜொகூர் பாரு