ஏன் அப்போதே சொல்லவில்லை?

அநாதைக் குழந்தைக்குச் சோறு போடுகிறவரைத் தெய்வம் என்று வாய் நிறையச் சொல்கிறோம். அந்தச் சொல்லே ஒரு குழந்தையின் வாயைக் கட்டிவிடக் கூடும் என்பதை மட்டும் எண்ணிப் பார்ப்பதில்லை.

மதுரையிலிருந்து திருச்சிக்குப் பஸ் ஏறினால் வழியில் விராலிமலை வரும். முருகன் கோயிலும் மயில்களும் உள்ள ஊர். அந்த வட்டாரத்திலே, பாத்திமா நகரில், 1989-ல் ஓர் ஆசிரமம் எழுந்தது. இலங்கை மாத்தளையிலிருந்து 1984-ல் வந்த பிரேமானந்தா நிறுவியது அது. ஆதரவற்ற குழந்தைகளையும் அவர் உடன் அழைத்து வந்திருந்தார். ஊரார் கைகூப்பினார்கள். 1994-ல் தப்பி வந்த பெண்கள் உண்மையைச் சொன்னார்கள். பதின்மூன்று பெண்களைப் பலாத்காரம் செய்ததற்கும் ஒரு கொலைக்குமாக, 1997-ல் புதுக்கோட்டை செஷன்ஸ் கோர்ட் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. 2005-ல் சுப்ரீம் கோர்ட் அதை உறுதி செய்தது. 2011-ல் கைதியாகவே இறந்தார்.

சிம்மக்கல் நூலகத்தில் பத்திரிகை படிக்க வரும் பெரியவர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். நல்ல மனிதர். "எல்லாம் சரி சார், அந்தப் பெண்கள் அப்போதே சொல்லியிருக்கலாமே?" என்றார்.

யாரிடம் சொல்வது? தகப்பன், வாத்தியார், குரு மூவரும் ஒருவரே. சோறும் அவருடையது, கூரையும் அவருடையது. வெளியே வந்தால் அந்நிய நாடு. அடித்தவனிடமே போய் அழச் சொல்கிறோமா?

அமெரிக்காவிலும் இதே கதைதான். ஹரே கிருஷ்ணா இயக்கத்தின் குருகுலங்களில் வளர்ந்தவர்கள், பெரியவர்களான பின்பு, 2000-ல் டல்லாஸ் நகரில் வழக்குத் தொடுத்தார்கள். அக் குருகுலங்களில் சில நம் நாட்டிலேயே இருந்தவை. 2005-ல் தொண்ணூற்றைந்து லட்சம் டாலர் நஷ்டஈடு முடிவாயிற்று. பணம் பெரிதல்ல, 'நடந்தது உண்மை' என்று பிறர் ஒப்புக்கொள்வதற்கு அவர்கள் அத்தனை காலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

குழந்தைகளைக் காக்க 2012-ல் போக்சோ சட்டம் வந்தது. அதன்கீழ் புகார் செய்யக் கால வரம்பில்லை, வளர்ந்த பிறகும் சொல்லலாம் என்று 2018-ல் மத்திய அரசு தெளிவுபடுத்தியது. சட்டத்துக்குப் புரிந்தது நமக்கும் புரிய வேண்டாமா? பக்தி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இருபது வருஷம் கழித்து ஒருத்தி வாய் திறந்தால், 'ஏன் அப்போதே சொல்லவில்லை?' என்று கேட்காதீர்கள். 'சொல்லம்மா' என்று உட்காரச் சொல்லுங்கள். அன்றைக்கு அவளுக்குக் கிடைக்காதது அந்த ஒரு வார்த்தைதான்.