கோட்டு போட்ட கானா!

கானா என்றால் எங்க மேட்டுப்பாளையம் பக்கம் ரொம்ப நாளைக்கு ஒரே அர்த்தம்தான். சினிமாவில் ஹீரோ லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நண்பர்களோடு ஆடுவாரே, அது! மெட்ராஸ்காரர்கள் எல்லாரும் தினமும் அப்படி ஒரு ஆட்டம் போட்டுவிட்டுத்தான் ஆபீஸுக்குக் கிளம்புவார்கள் என்று நம்பிய நண்பன் ஒருவன் எனக்கு உண்டு. பாவம், அவன் மேல் தப்பில்லை. வடசென்னையில் கானா எழவு வீட்டிலும் பாடுகிற பாட்டு. செத்தவரைப் பற்றி ராத்திரி முழுக்க விழித்திருந்து பாடுவார்கள். சினிமா கொண்டாட்டத்தை மட்டும் தூக்கிக்கொண்டு, அழுகையை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டது!

அந்தக் கானா ஒரு நாள் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு மேடையேறியது. 2018 ஜனவரி 6, சென்னை கீழ்ப்பாக்கம். குழுவின் பெயர் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. இயக்குநர் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கியது. மொத்தம் 19 பேர். கானா பாடகர்கள், ராப் பாடகர்கள், கிட்டார், டிரம்ஸ்... அவற்றுக்குச் சரிசமமாகப் பறை, சட்டி மேளம், கட்ட மோளம். அத்தனை ஆண்களுக்கு நடுவே ஒரே பெண் குரல், இசைவாணி.

பழசையும் புதுசையும் இப்படிக் கலப்பது புதிய சமாச்சாரம் இல்லை. அமெரிக்காவில் பெல்வில் என்று ஒரு சின்ன ஊர். 1987-ல் அங்கே மூன்று பையன்கள் 'அங்கிள் டுபெலோ' என்று ஒரு குழு ஆரம்பித்தார்கள். தாத்தா காலத்து கன்ட்ரி பாட்டையும், காதைக் கிழிக்கிற பங்க் ராக்கையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டினார்கள். 'ஆல்டர்நேட்டிவ் கன்ட்ரி' என்று பேர் ஆனது. நாலு ஆல்பம் போட்டு, 1994-ல் பிரிந்து, ஒரு குழு ரெண்டாகிவிட்டது. (பங்காளிச் சண்டை நமக்கு மட்டும் சொந்தமில்லை!)

ஆனால் ஒரு வித்தியாசம். பெல்வில்லில் கிட்டாரைத் தொட்டதற்காக அந்தப் பையன்களை யாரும் வாசலுக்கு வெளியே நிற்கச் சொல்லவில்லை.

எங்க பக்கம் தப்பட்டை இல்லாமல் நோம்பி கிடையாது. எழவு வீட்டில் தப்பட்டைச் சத்தம் கேட்டால்தான் ஊருக்கே சேதி தெரியும். "ஏனுங்க, மோளக்காரங்க வந்தாச்சுங்களா?" என்று பத்துப் பேர் கேட்பார்கள். வந்தவரின் பேரை ஒருத்தர்கூடக் கேட்க மாட்டார். பி.காமில் முதல் பாடமே, பெறுகிறவரைப் பற்று வை, கொடுக்கிறவரை வரவு வை என்பதுதான். தப்பட்டை விஷயத்தில் ஊர் காலங்காலமாக வாங்கிக்கொண்டே இருந்தது. கொடுத்தவர் கணக்கில் வரவு மட்டும் விழவேயில்லை. எந்த ஆடிட்டரும் கேட்கவும் இல்லை!

அந்த வரவைத்தான் இந்தக் குழு கோட்டு சூட்டில் போய்க் கேட்டது. குழுவின் பெயரும் சும்மா ஸ்டைலுக்கு வைத்ததல்ல. 'சாதிபேதமற்ற தமிழர்கள்' என்ற அயோத்திதாசரின் சொல்லிலிருந்து எடுத்தது. 1845-ல் பிறந்து 1914-ல் மறைந்த அயோத்திதாசர், இளமையில் வாழ்ந்தது எங்க ஊர் வழியாக மேலே ஏறுகிற நீலகிரியில். ஆக, அந்தப் பெயரில் எங்க பக்கத்துக் குளிரும் கொஞ்சம் இருக்கிறது.

மேட்டுப்பாளையத்துக்காரனால் அந்தப் பெயரை வெறும் ஃபேஷனாகக் கேட்க முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2019 டிசம்பர் 2, விடியாத நேரம். மழையில் ஊறிய சுமார் 20 அடி உயர மதில் ஒன்று எங்க ஊர் நடூரில் வீடுகள் மேல் சாய்ந்தது. தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் போய்விட்டார்கள். எல்லாரும் தலித் மக்கள். 'தீண்டாமைச் சுவர்' என்றார்கள் ஒரு சாரார். 'மழைங்க, என்ன பண்றது?' என்றார்கள் இன்னொரு சாரார். சுவருக்குச் சாதி உண்டா இல்லையா என்று டீக்கடையில் பட்டிமன்றமே நடந்தது. சுவரின் எந்தப் பக்கம் யார் வீடு என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமே இல்லை.

குழுவில் இருந்தவர்கள் அதற்கப்புறம் தனித்தனியாகவும் வளர்ந்தார்கள். 2020-ல் பி.பி.சி.யின் 100 பெண்கள் பட்டியலில் இசைவாணி பெயர் வந்தது. 2021-ல் அறிவும் தீயும் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி' உலகம் சுற்றியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அறிவின் பாட்டிதான் அதற்கு வேர். அதே மாதிரி இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்கள், எங்க தலைக்கு மேலே நீலகிரியில் இன்றைக்கும் கொழுந்து பறிக்கின்றன.

19 பேரின் பெயரையும் மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. அடுத்த நோம்பிக்குத் தப்பட்டைச் சத்தம் கேட்டால் பக்கத்தில் போய், "அண்ணா, உங்க பேர் என்னங்ணா?" என்று கேளுங்கள், போதும். டிக்கெட் கிடையாது. ரொம்ப நாள் நிலுவையில் ஒரு சின்னத் தவணை, அவ்வளவுதான்!